ஐம்பத்தொன்பது மதியச் சாப்பாடு

வில்மெட்டா கோட்ஸ் என்ற பெண்மணிக்கு நான் நூற்று நாற்பத்தேழரை டாலர் கடன்பட்டிருந்தேன். பத்திரம் எழுதவில்லை, வட்டி பேசவில்லை, நானாகக் கை நீட்டி வாங்கவும் இல்லை. என் பெயர் ரெஃபூகியோ பால்டெராஸ். எங்கள் வட்டாரத்தில் தலைக்கு மேல் கூரை உள்ள எவரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பத்து வயதில் அப்பாவோடு டெக்ஸஸிலிருந்து லாரியில் வந்து மிச்சிகனில் செர்ரி பறித்தேன், அப்புறம் ஆப்பிள். இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு பழைய லாரியும் மூன்று ஏணியும் வைத்திருந்தேன், லாரிக் கதவில் என் பெயர் இருந்தது. வங்கி வாசலை மிதித்ததில்லை. மாமனாரிடம் ஒரு காசு கேட்டதில்லை. இந்த ஊரில் நூற்றுப்பத்துக் கூரைகள் என் கையால் போட்டவை, ஒன்றுகூட ஒழுகியதில்லை. அப்பேர்ப்பட்டவனை ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனின் கல்லாக்காரி கடன்காரனாக்கினாள்.

அவளைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் சர்க்கரைப்பாகு ஒழுகும். நான் எழுதுவதுதான் முறை. எத்தனையோ வருடம் அவளைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். வயிறெரிகிறவன்தான் எதையும் விடாமல் பார்ப்பான்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மஞ்சள் வீட்டில் இருந்தாள். கறுப்பினக் குடும்பங்கள் அப்போது எங்கள் ஊரில் ஏழோ எட்டோதான். அவள் அப்பா ஆர்கன்சாவிலிருந்து வந்து மஸ்கீகனில் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் குடும்பம் இங்கே வந்தது. புருஷன் லூதர் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், நாற்பது வயதாகுமுன்பே மார்வலி வந்து இறந்துபோனான். தாடியஸ் என்று ஒரு பையன், கொரின் என்று ஒரு பெண். அவர்களை வளர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கேன்டீனில் வரிசை முடிகிற இடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். தலையில் வலைத்தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. பிள்ளைகள் ‘மிஸ் வில்மெட்டா’ என்பார்கள். நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மிசஸ் கோட்ஸ் என்றுதான் சொல்வேன். நானூறு பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரியும். என்னிடம் வேலை செய்த ஆறு பேர் பெயரையே நான் மாற்றி மாற்றிக் கூப்பிடுவேன்.

வயிற்றெரிச்சல் தொடங்கியது ஒரு ராத்திரிச் சாப்பாட்டில். என் மகள் நோயெமிக்கு அப்போது பதினோரு வயது, மகன் ருபேனுக்கு எட்டு. எங்கள் மேசையில் நான்தான் பேசுவேன். அன்றைக்கு எத்தனை சதுரம் கூரை அடித்தோம், எவன் ஆணியை வீணடித்தான், அடுத்த வேலை எங்கே, இதுதான் பேச்சு. திடீரென்று நோயெமி தம்பியைப் பார்த்து, “இன்னைக்கு யாருடா தனியா ஒக்காந்து சாப்பிட்டா?” என்றாள்.

ருபேன் யோசித்தான். “ஒரு பொண்ணு. பச்சை ஸ்வெட்டர்.”

“பேரு?”

“தெரியல.”

“அப்ப நாளைக்குக் கேட்டுட்டு வா. பேர் தெரியாமப் பதில் சொன்னா கணக்குல வராது.”

என்ன இது என்று கேட்டேன். “மிஸ் வில்மெட்டா வீட்ல தெனம் கேப்பாங்கப்பா. மார்க்கு எவ்வளவுன்னு கடைசியாத்தான் கேப்பாங்க,” என்றாள்.

“நம்ம வீட்ல அந்தக் கேள்வி வேணாம். யார் எங்க ஒக்காந்தா நமக்கென்ன? தட்டப் பாத்து சாப்பிடு.”

என் மனைவி ஒஃபெலியா சும்மா இருந்திருக்கலாம். “நல்ல கேள்வியாத்தான இருக்கு, கிழவா,” என்றாள். அவள் ஆசையாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் கிழவா என்றுதான் சொல்வாள். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

பச்சை ஸ்வெட்டர்ப் பெண்ணின் பெயர் ஹுவானா. குவாத்தமாலா மலைக்காரர்கள். முட்டைப் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்த கூட்டம். பழம் பறித்து, முதுகு ஒடிந்து, மேலே வந்தவர்கள் நாங்கள். இவர்களோடு சேர்த்து வெள்ளைக்காரன் எங்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுவானே என்ற பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. “அவங்களுக்கு ஸ்பானிஷே ஒழுங்கா வராது. நீ அங்கப் போயி ஒக்காராத,” என்று நோயெமியிடம் சொன்னேன். மறுநாளே போய் உட்கார்ந்தாள். நான் சொன்னதை மீறிப் போனதுகூடப் பெரிதில்லை. வேறொருத்தி சொன்னதைக் கேட்டுப் போனாளே, அதுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் மஞ்சள் வீட்டுக்கு ஓடிவிடும். அங்கே மேசை என்று கடையில் வாங்கிய மேசை கிடையாது. இடித்த வீட்டிலிருந்து எடுத்த பெரிய கதவு ஒன்றை மரக்கால்கள் மேல் கிடத்தியிருந்தாள். கைப்பிடி இருந்த ஓட்டையில் உப்புக் குப்பி நிற்கும். அந்தக் கதவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், கறுப்பு, வெள்ளை, டெக்ஸஸிலிருந்து வந்த நம்ம ஆட்கள், மலைக்காரர்கள் என்று எல்லோரும். வீட்டில் கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற ருபேன், அங்கே கீரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்று ஒஃபெலியா சொன்னாள். அன்று முழுக்க எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவர்களைக் கூட்டிப்போக லாரியில் போனேன். ஹாரன் அடிக்கக் கை வைத்தவன் அடிக்காமல் ஜன்னல் வழியே பார்த்தேன். காற்றுக்காகத் திறந்து வைத்திருந்ததால் பேச்சும் கேட்டது. தாடியஸ் ஹுவானா பேசுவது மாதிரி நடித்துக் காட்டினான். பிள்ளைகள் சிரித்தார்கள். வில்மெட்டா சோள ரொட்டியை வெட்டுவதை நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“ஏன்டா தாடியஸ், ஹுவானாவுக்கு எத்தன பாஷ தெரியும், எண்ணு. வீட்ல பேசுற மாம் பாஷ ஒண்ணு, ஸ்பானிஷ் ரெண்டு, இப்ப இங்கிலீஷ் மூணு. ஒனக்கு?”

“ஒண்ணு.”

“அதயும் பாதிய முழுங்கிட்டுத்தான் பேசுற. அவகிட்ட ஒரு வார்த்த கத்துக்கோ, அப்புறம் ரொட்டி.”

தாடியஸ் ஏதோ ஒரு வார்த்தையைக் கேட்டு, தப்பாகச் சொன்னதில் ஹுவானாவே விழுந்து விழுந்து சிரித்தாள். என் நோயெமி எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி ஏதோ நியாயம் பேசினாள். என் வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. நான் பேசவிட்டால்தானே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: என் கூரைக்கு வேறொருத்தி ஆணி அடிக்கிறாள்.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு களஞ்சியக் கூரையில் பனி தள்ளும்போது சறுக்கி விழுந்தேன். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஏப்ரல் வரை படுக்கைதான். கூரைக்காரனுக்குக் குளிர்காலத்தில் வருமானம் குறைவு, அந்தக் குளிரில் சுத்தமாக இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருடா வருடம் ஒரு படிவம் வரும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். வருடா வருடம் நான் அதைக் கிழித்துப் போடுவேன். எங்கள் கோயில்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். கையெழுத்துப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற நினைப்பு. இந்தத் தடவையாவது போடு என்று ஒஃபெலியா கேட்டாள். கால் உடைந்ததே தவிரக் கை உடையவில்லை, பிச்சைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவள் பிள்ளைகளுக்குச் சோள அப்பத்தில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிக் கொடுத்தாள். மதியம் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று நம்பினேன்.

ஏப்ரலில் ஊன்றுகோலோடு முதல் வேலை முடித்த பணத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கேன்டீனுக்குப் போனேன். “என் பிள்ளைங்களுக்கு நாளையிலேர்ந்து சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வந்திருக்கேன், மிசஸ் கோட்ஸ். பால்டெராஸ் வீட்டு ஆளுங்க ரொம்ப நாள் கட்டுச்சோறு தின்னாச்சு.”

அவள் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். “கட்டிக்கிட்டுப் போங்க, மிஸ்டர் பால்டெராஸ். கால் எப்படி இருக்கு?” அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நான் பெருமையாகச் சொன்னபோது நோயெமி தலையைக் குனிந்துகொண்டாள். ருபேன்தான் போட்டு உடைத்தான். அப்பத்தைக் காலையிலேயே பஸ்ஸில் தின்றுவிடுவார்களாம், மற்ற பிள்ளைகள் மோந்து பார்த்துக் கேலி செய்ததால். மதியம் வரிசையில் போய் நிற்பார்களாம். “மிஸ் வில்மெட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா. போ போன்னு கை காட்டுவாங்க. ஒரு சின்ன நோட்டுல கோடு போடுவாங்க. வெள்ளிக்கிழம சம்பளம் வந்ததும் அவங்க பர்ஸ்லேர்ந்து எடுத்துக் கல்லாவுல போடுவாங்க. அக்கா பாத்துருக்கா.”

“எத்தன நாள்?” என்றேன்.

“அம்பத்தொம்பது,” என்றாள் நோயெமி. அவளும் எண்ணி வைத்திருந்தாள்.

ஒரு சாப்பாடு ஒன்றேகால் டாலர். இரண்டு பிள்ளைக்கு நாளைக்கு இரண்டரை. பேப்பர் இல்லாமல் கணக்குப் போடுவேன், அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. நூற்று நாற்பத்தேழரை. அன்று மாலையே ஊன்றுகோலை ஊன்றி மஞ்சள் வீட்டுப் படியேறினேன்.

“யாரக் கேட்டு என் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டீங்க?”

“பசிச்சுது, போட்டேன். அதுக்கு யாரக் கேக்கணும்?”

“இந்தாங்க பணம்.”

இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். “பணம் வேணாம். செப்டம்பர்ல ஃபாரம் வரும். அதுல கையெழுத்துப் போடுங்க. அதான் எனக்குத் திருப்பித் தர்றது.”

“நாங்க தர்மம் வாங்குற சாதி இல்ல.”

“அரசாங்கம் போட்ட ரோட்டுல தான ஒங்க லாரி ஓடுது? அது தர்மமா?” என்றாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள், அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாதது. “எத்தன வீடு கையெழுத்துப் போடுதோ, அத வச்சுத்தான் பள்ளிக்கூடத்துக்கு மேல்பணம் வருது. போன வருஷம் ஒங்க கோயில்காரங்க பாதிப்பேரு கிழிச்சுப் போட்டாங்க. எண்ணிக்க பத்தல. வாசிக்கச் சொல்லித் தர்ற டீச்சர எடுத்துட்டாங்க. ஹுவானா இப்ப ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. ஒங்க வீறாப்புக்கு அந்தப் பொண்ணு விலை குடுக்குது, மிஸ்டர் பால்டெராஸ்.”

நூற்று நாற்பத்தேழரை டாலரையும் ஒரு உறையில் போட்டு லாரியின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்தேன். செப்டம்பரில் படிவம் வந்தது. இந்த முறை கிழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. உறையோடு சேர்த்து வைத்துவிட்டேன். அவள் சொல்லி நான் செய்ததாகிவிடக் கூடாது.

அந்த இலையுதிர்காலத்தில் கேன்டீனுக்கு ஹார்ம்சன் என்று புது மேலாளர் வந்தான். வயது முப்பது இருக்கும், சட்டைப்பையில் நான்கு பேனா. பழைய மேலாளர் வாரம் ஒரு முறை, வெள்ளி சாயங்காலம்தான் கல்லாவை எண்ணுவார். இவன் தினமும் மதியம் ஒரு மணிக்கு எண்ணினான். திங்கள் குறைந்தது, செவ்வாய் குறைந்தது, வியாழன் வரை குறைந்தது, வெள்ளிக்கிழமை மட்டும் கூடியது. மூன்று வாரம் பார்த்துவிட்டு வில்மெட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். என் சொந்தப் பணத்தை வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்றிருக்கிறாள். வாரமெல்லாம் எடுத்துவிட்டுப் பயந்து கொஞ்சத்தைத் திரும்பப் போடுகிறாய் என்றான் அவன். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள், பெயரைச் சொல் என்றான். சொல்ல மாட்டேன் என்றாள். நோட்டைக் கொண்டு வா என்றான். அடுப்பில் போட்டாயிற்று என்றாள்.

அவளைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழு கூடி அவளை வேலையை விட்டு நீக்குவதா என்று முடிவெடுக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், கேள்விப்பட்டதும் ஒரு நிமிடம் எனக்கு உள்ளே குளிர்ந்தது. மஞ்சள் வீட்டுக்காரியும் ஒரு நாள் தலை குனியட்டும் என்று நினைத்தேன். அந்த நிமிடம் முடிவதற்குள் இன்னொன்று உறைத்தது: போன குளிர்காலத்திலிருந்து அவள் மறைத்து வைத்திருக்கிற பெயர்களில் ஒன்று என்னுடையது. வேலையே போனாலும் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள். கடன்மேல் கடன் ஏற்றுகிறாள்.

இதில் எனக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அதே செவ்வாய்க்கிழமை அதே குழு, பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக் கூரைக்கான டெண்டரைப் பிரிக்கப் போகிறது. முப்பத்தெட்டாயிரம் டாலர் வேலை. அதுவரை நான் தொட்டதிலேயே பெரியது. நான் அதற்கு விலை எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் இருந்தவன் என்று தெரிந்தால், இவனிடமா முப்பத்தெட்டாயிரத்தை நம்பிக் கொடுப்பது என்றுதான் எவரும் கேட்பார்கள்.

திங்கள் ராத்திரி நோயெமி ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “கையெழுத்துப் போடுங்கப்பா.”

“என்ன இது? அந்த ஃபாரமா?”

“இல்ல. நாளைக்குக் கூட்டத்துல நான் பேசணும். பதினெட்டு வயசு ஆகலன்னா அப்பா அம்மா கையெழுத்து வேணுமாம்.”

“என்ன பேசுவ?”

“நாங்க சாப்பிட்டத.”

“எங்கப்பாவால கட்ட முடியலன்னு மைக்ல சொல்லுவ.”

“முடியலன்னு சொல்ல மாட்டேன். கட்டலன்னு சொல்லுவேன்.”

ஒஃபெலியா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். “எனக்கு இந்த மாதிரி ஒண்ணு நடந்தா, இப்படிக் காகிதத்தத் தூக்கிக்கிட்டு எனக்காகப் பேச வருவியா?”

அவள் யோசித்தாள், அதுதான் வலித்தது. “நீங்க யாருக்காவது ஏதாவது செஞ்சு மாட்டிக்கிட்டா, வருவேன்பா.”

எழுந்துபோய் லாரியில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து உறையை எண்ணினேன், சரியாக இருந்தது. உள்ளே வந்து, “கையெழுத்துப் போட மாட்டேன். தூங்கப் போ,” என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் பள்ளி நூலகத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில். எனக்குக் கால் நீட்ட இடமில்லை. ஒஃபெலியா பிள்ளைகளோடு கடைசி வரிசையில் இருந்தாள். தலைவி மிசஸ் டெவ்ரீஸ், அவள் வீட்டுக் கூரையும் நான் போட்டதுதான். வில்மெட்டா சர்ச்சுக்கு உடுத்தும் நீலக் கவுனில், கைப்பையை மடியில் வைத்து, தாடியஸுக்கும் கொரினுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் நுழைந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் எனக்குச் சங்கடம் என்று. அந்தத் திருப்பல் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹார்ம்சன் காகிதங்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினான். மிசஸ் டெவ்ரீஸ் நயமாகத்தான் கேட்டாள்: “மிசஸ் கோட்ஸ், ஒரே ஒரு குடும்பத்தோட பேரச் சொல்லுங்க. போதும். நாங்க கேட்டுக்கிறோம்.”

“மாட்டேன் மேடம்.”

“ஒங்க வேல போயிடும்.”

“தெரியும். அந்தப் பிள்ளைங்க நாளைக்கும் அதே வரிசையில நிக்கணும்ல.”

முட்டைப் பண்ணை ஆட்கள் நாலைந்து பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஹுவானாவின் அப்பாவும் இருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் பேப்பர் கிடையாது, வாயைத் திறந்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரால் பேச முடியாது. என்னால் முடியும். டெக்ஸஸில் பிறந்தவன் நான். எனக்குப் போவது ஒரு கூரைதான்.

எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

“மிஸ்டர் பால்டெராஸ், ஒங்க டெண்டர் அஞ்சாவதா வருது,” என்றாள் மிசஸ் டெவ்ரீஸ்.

“டெண்டர் இருக்கட்டும். பேரு கேட்டீங்கள்ல. பால்டெராஸ். எழுதிக்கங்க. போன குளிர்காலம் என் கால் ஒடஞ்சு கெடந்தேன். கையில ஒரு காசு இல்ல. என் ரெண்டு பிள்ளைங்க அம்பத்தொம்பது நாள் இந்த அம்மா காசுல சாப்பிட்டுச்சு. எனக்கே தெரியாது. தெரிஞ்சப்புறமும் ஆறேழு மாசமா வாயத் தொறக்கல.”

ஹார்ம்சன் பேனாவைத் தட்டினான். “இவர் பணத்தத் திருப்பிக் கட்டினாரா? கட்டலைன்னா அவங்க சொந்தக் காசுன்னு எப்படி நம்புறது?”

“நான் குடுத்தேன், அவங்க வாங்கல.”

“வசதியா இருக்கு,” என்றான்.

வரும்போதே லாரிப் பெட்டியிலிருந்து சட்டைப்பையில் போட்டு வந்த உறையை எடுத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் போனேன். “மிசஸ் கோட்ஸ், கைய நீட்டுங்க.”

அவள் கை கைப்பைக்கு அடியில் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஃபாரம்?” என்றாள்.

வேலை போகிற நேரத்தில் ஒருத்தி இப்படிப் பேரம் பேசுவாளா? “தர்றேன்,” என்றேன்.

“எப்ப?”

“நாளைக்கு.”

“ஒங்க நாளைக்கு எனக்குத் தெரியும். கையில என்னமோ மடிச்சு வச்சிருக்கீங்களே.”

உறையோடு படிவமும் வந்துவிட்டது. நான்கு மடிப்பு, மேலே காபிக் கறை. தாடியஸ் ஒரு பேனாவை நீட்டினான். என் மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர், எல்லாவற்றையும் அவன் முதுகை மேசையாக வைத்து, நூறு பேர் பார்க்க எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல்தான், ஐந்தாம் வகுப்பு எழுத்து. ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிவத்தை மிசஸ் டெவ்ரீஸ் மேசையில் வைத்தேன். சுவரோரத்திலிருந்து எங்கள் கோயில்காரர் ஒருவர், “எனக்கும் ஒண்ணு எடு,” என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில்மெட்டாவை நீக்கவில்லை. இன்னும் பதினோரு வருடம் அதே கல்லாவில் இருந்தாள். வாசிக்கச் சொல்லித்தரும் டீச்சர் அடுத்த செப்டம்பரில் வந்தார். உடற்பயிற்சிக் கூடத்துக் கூரை எனக்குக் கிடைக்கவில்லை. கிராண்ட் ராபிட்ஸ்காரன் ஒருவனுக்குப் போனது. மூன்றாம் வருடமே ஒழுகியது, கூடைப்பந்து ஆட்டத்தின்போது. நோயெமி இப்போது வக்கீல். வேலை செய்த கூலி கிடைக்காதவர்களுக்காக வாதாடுகிறாள். யாரிடம் கற்றாய் என்று பேட்டியில் கேட்டால் எந்தப் பெயரை முதலில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் எரிகிறது. அவள் பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் ‘இன்னைக்கு யாரு தனியா ஒக்காந்து சாப்பிட்டா’ என்ற அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

அந்த ராத்திரி படிவத்தை வைத்துவிட்டு நான் வில்மெட்டாவிடம் திரும்பி வந்தபோது நோயெமி கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். என் பக்கம் வருவாள் என்று ஒரு அடி ஒதுங்கி இடம் விட்டேன். அவள் போய் வில்மெட்டாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக, கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவள் எழுந்து வந்தது எனக்காகவா, வில்மெட்டாவுக்காகவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

வில்மெட்டா கைப்பையைக் கொரினிடம் கொடுத்தாள். வலது கையை நீட்டினாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெளுத்த உள்ளங்கை.

“சத்தமா எண்ணுங்க, மிஸ்டர் பால்டெராஸ். அந்தப் பேனாக்காரருக்குக் கேக்கணும்.”

எண்ணினேன். ஏழு இருபது டாலர் நோட்டுகள், ஒவ்வொன்றாக. “நூத்தி நாப்பது.” ஒரு ஐந்து டாலர். “நூத்தி நாப்பத்தஞ்சு.” இரண்டு ஒற்றை டாலர்கள். கடைசியில் இரண்டு கால் டாலர் காசுகள். ஒன்றை வைத்தேன், மற்றதை அதன்மேல் வைத்தேன்.